பாதியில் நின்ற பெயர்

ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைக் கழற்றியதுமே தேவகிருபைக்கு ஒன்று உறுத்தியது. கெட்டுப்போன பெட்டிக்கு ஒரு வாடை உண்டு. கருகிய வார்னிஷ், வெந்த ரப்பர், புளித்த கண்டென்சர் என்று மூக்கை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். இதில் அந்த வாடை இல்லை. எதுவும் உப்பவில்லை, எங்கும் புகைக்கறை இல்லை, மேலே படிந்திருந்த மெல்லிய சாம்பல் தூசியைத் தவிர எல்லாம் புதிதாகவே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வந்த இரண்டு மஞ்சள் ஒயர்கள் மட்டும் நடுவில் துண்டாகி, முனையில் செம்பு பளபளக்க நின்றன. எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது மீன் அறுக்கிற கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்த வெட்டு.

"யாரோ வேணும்னு அறுத்திருக்காங்க" என்றாள்.

தண்டபாணி கதவுநிலையில் சாய்ந்து நின்றார். "ஒட்டிடலாம் இல்ல?"

"ஒட்டலாம். யாரு அறுத்ததுன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ ஒட்டு மெக்கானிக்கம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் அந்தக் குப்பத்து மீனவர் சங்கத்தின் செயலாளர். ஐம்பது வயது இருக்கும். உப்புக்காற்றில் முறுகிய உடம்பு, பல நாள் தூங்காத கண். காலையில் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கும் அவளுடைய ரிப்பேர் கடைக்கு ஆட்டோவில் வந்து, வேறு இரண்டு கடைக்காரர்கள் வர மறுத்துவிட்டதாகச் சொல்லி, அவளைக் கருவிப் பையோடு ஏற்றிக்கொண்டு வந்தார். போன வருஷம் பெரிய அலை வந்து போன பிறகு, அடுத்த முறை ஜனங்களை முன்கூட்டியே எச்சரிக்க என்று நிவாரணக்காரர்கள் யாரோ கொடுத்த மைக் செட். மூன்று கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர். ஒரு மாதமாக ஊமையாகக் கிடக்கிறது. அன்று காலைகூட ரேடியோவில் வங்கக்கடலில் புயல் சின்னம் என்றார்கள். தேவகிருபை வேறு யோசிக்காமல் ஏறிவிட்டாள். மற்றவர்கள் மாட்டேன் என்ற வேலையைத் தான் செய்து முடிப்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு சின்ன வீம்பு உண்டு. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்து, டேப் ரெக்கார்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, கம்பெனி மூடியதும் சொந்தமாகக் கடை போட்டவள். பொம்பளை கையில் சோல்டரிங் அயர்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஆனால் இந்தக் குப்பத்தின் வெறுப்பு வேறு மாதிரி இருந்தது. ஆட்டோ நெட்டுக்குப்பத்தைத் தாண்டி, முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் புதைந்து நின்றபோது, வலை சரிபண்ணிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கீழே வானம் ஈயம் பூசியதுபோல் கிடந்தது. கழிமுகத்துத் தண்ணீரிலிருந்து வெதுவெதுவென்று ஆவி எழுந்தது. மீன் வாடையும் நிலக்கரி வாடையும் தொண்டையில் ஒன்றாக ஒட்டின. தூரத்தில் இருந்த ஒருவரைக் கூப்பிட இன்னொருவர் வாயைத் திறக்காமல் கையைத் தட்டினார். ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட நாக்கைச் சொடுக்கினாள். தெருவைக் கடக்கிற நேரம் முழுக்க ஒரு பெயர்கூடக் காதில் விழவில்லை என்பது இந்தச் சங்கத்து அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தேவகிருபைக்கு உறைத்தது. வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, "உங்க பேரு இன்னாக்கா" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். அந்தப் பெண் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

அதை மனசிலிருந்து தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

பிளக் பிடுங்கித்தான் இருந்தது. சாக்கெட்டின் ஓட்டைகளில் குளவி மண் வைத்துக் கட்டியிருந்தது. கரண்ட் போனாலும் ஓடுவதற்காக வைத்திருந்த லாரி பாட்டரியின் இரண்டு கவ்விகளையும் கழற்றித் தள்ளிப் போட்டாள். கடிகாரத்தையும் ஒற்றை வளையலையும் கழற்றிப் பையில் வைத்தாள். சிமெண்ட் தரை ஈரம் கசிந்திருந்ததால், மூலையில் கிடந்த படகுப் பலகையை இழுத்துப் போட்டு, ரப்பர் செருப்போடு அதன்மேல் உட்கார்ந்தாள். பிளக்கைப் பிடுங்கிய பெட்டியும் ஆளை அடிக்கும். பெரிய கண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். பையிலிருந்து எடுத்த பல்பு ஹோல்டரின் ஒரு ஒயரைக் கண்டென்சரின் காலில் மாட்டி, அடித்தாலும் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் மற்ற ஒயரை அடுத்த காலில் தொட்டாள்.

பல்பின் இழை சிவந்தது.

இவ்வளவு நாள் கரண்ட் காணாத பெட்டி. பாட்டரி ஒயரும் உள்ளே அறுபட்டுத்தான் கிடக்கிறது. அப்படியே ஏதாவது மிச்சம் இருந்தாலும், ஒரு நொடி மினுக்கிவிட்டு அணைய வேண்டும். இது அணையவில்லை. மங்கியது, மறுபடி சிவந்தது, மங்கியது, சிவந்தது. யாரோ தூங்குகிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்குவது மாதிரி. தேவகிருபை ஒயரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழை கறுத்தது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். சுத்தமாகப் பூஜ்யம்.

ஏதோ லீக்கேஜ் என்று சொல்லிக்கொண்டாள். எந்த வழியாக என்று அவளுக்கே தெரியவில்லை.

மஞ்சள் ஒயர்களை ஒட்டி, டேப் சுற்றி முடித்த பிறகு பார்த்தால், ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. அதை எடுத்துவிட்டு சரியான அளவு ஃப்யூஸைப் போட்டாள். அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. ஒலியை வெளியே தள்ளுகிற பெரிய டிரான்சிஸ்டர்களில் ஒன்றின் கால்கள் கத்தரிக்கப்பட்டிருந்தன. அதை மாற்றினாள். ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டிருந்தார்கள். பச்சைப் படிவத்தைச் சுரண்டி எடுத்தாள். சர்க்யூட் பலகைக்குக் கீழே போன கறுப்பு ஒயரைத் திருப்பினபோது கை நின்றுவிட்டது. அந்த ஒயரின் உறையில் பல் தடம் இருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை. மனுசப் பல். யாரோ கருவி கிடைக்காத அவசரத்தில் கடித்தே துண்டாக்கியிருக்கிறார்கள். செம்பு இழைகளில் காய்ந்த ரத்தம் இருந்தது. சுரண்டிவிட்டு அதையும் ஒட்டினாள்.

எத்தனை கைகள். ஒருவர் அறுத்தது போதும் என்று இன்னொருவர் நம்பவில்லை.

கூரை மேல் கல் ஒன்று விழுந்து ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது. தண்டபாணி வெளியே போய் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த இடைவெளியில் கழிமுகத்தைப் பார்த்த ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. மூக்குத்தி போட்ட, நாற்பது வயதுப் பெண். காதுக்குள் வெள்ளைத் துணியைத் திரித்துத் திணித்திருந்தாள்.

"மூடி வச்சிட்டுப் போயிடு" என்றாள்.

"ஏங்க? அலை வந்தா உங்களுக்குத்தான ஆபத்து? யாரு சொல்லுவா உங்களுக்கு?"

"ஓடுவோம். கால் கீது. அத்த தொடாத."

"காரணம் சொன்னா கேட்டுக்கறேன்."

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சொல்லலாமா என்று யோசித்தவள் மாதிரி இருந்தாள். தண்டபாணியின் காலடி கேட்டதும் ஜன்னல் காலியாகிவிட்டது.

அவர் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். "முடிஞ்சிச்சா?"

"இன்னும் டெஸ்ட் பண்ணணும்."

"கரண்ட் வர்தான்னு மட்டும் பாரு. மைக்க தொடாத. மைக்ல மொத வார்த்த நான்தான் பேசணும்." குரலைத் தணித்து மறுபடியும் சொன்னார். "நான் மட்டும்தான். புரிதா?"

தலைவர், செயலாளர் என்று பட்டம் வந்துவிட்டால் எல்லாருக்கும் முதல் பேச்சுத் தன்னுடையதாக இருக்க வேண்டும். தேவகிருபை சரி என்று தலையாட்டினாள். அவர் வெளியே போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள். பிறகு பூட்டு.

"ஏங்க, எதுக்குப் பூட்டறீங்க?"

"உள்ள வந்து உன்ன எதுனா பண்ணிடுவானுங்க. தோ, வூட்டாண்ட போய்ட்டு வந்துடறேன்."

காலடிகள் மணலில் போய்த் தேய்ந்தன.

அறை சட்டென்று சின்னதாகிவிட்டது. வெளியே பலர் மூச்சுவிடுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கதவுக்கு அந்தப் பக்கம். பேசவில்லை. நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ விரல் நகத்தால் கதவுப் பலகையை மெதுவாகச் சுரண்டினார்கள். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் அவளுக்கு இப்போது இருந்தது. குளவிக் கூட்டைக் கிளறி எடுத்தாள். பழுது பார்த்த பெட்டியை நேராகக் கரண்டில் மாட்டுவது முட்டாள்தனம். நடுவில் ஒரு பல்பைச் சேர்த்து மாட்டினால், உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்புதான் முழுசாக எரியும், பெட்டி தப்பிக்கும். அப்படியே மாட்டி, இரண்டடி தள்ளி நின்று, சுவிட்சைப் போட்டாள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே தணிந்தது. நல்ல அறிகுறி. மீட்டரில் எல்லா இடத்திலும் சரியான அளவு. புகை இல்லை, சூடு இல்லை. பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தாள். ஸ்பீக்கர் ஒயர்களை மாட்டினாள். ஒலியளவைக் கொஞ்சமாகத் திருப்பினாள்.

இரைச்சல் வரும், அதை வைத்து மிச்சத்தைச் சரி செய்யலாம் என்று எதிர்பார்த்தாள். இரைச்சல் இல்லை. கம்பத்துக் குழாய்களிலிருந்து கசிந்தது ஒரு காற்று. உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விட்டது.

மைக்கின் சுவிட்ச் அணைந்திருந்தது. அதன் ஒயரையே பிடுங்கினாள். காற்று நிற்கவில்லை. மறுபடி செருகி, சுவிட்சைப் போட்டு, மைக்கின் வலைமூடியை நகத்தால் தட்டினாள். தட்டின சத்தம் வெளியே கேட்கவில்லை. மூச்சு மட்டும் நின்றது. மைக்கின் அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் தலையை நிமிர்த்திப் பார்த்ததுபோல. அவ்வளவு கிட்டத்தில்.

"யாரு?" என்றாள் தேவகிருபை.

அவளை அறியாமல் வந்த வார்த்தை. கையில் இருந்த மைக்கில் விழுந்து, மூன்று கம்பங்களிலிருந்தும் அவளுடைய குரலில் குப்பத்தின் மேல் பரவியது. யாரு. தண்ணீரின் மேல் போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. யாரு.

கதவைச் சுரண்டின நகம் நின்றது. கைதட்டல், படகில் சுத்தியல், நாய்க் குரைப்பு, எல்லாம் நின்றன. வெளியே ஒரு பெண் குரல் மிகச் சாதாரணமாகச் சொன்னது.

"பேசிட்டா."

பிறகு யாரோ அழ ஆரம்பித்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

பூட்டுத் திறந்தது. தண்டபாணி ஒரு பெண்ணைத் தோளோடு அணைத்து உள்ளே கொண்டுவந்தார். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் படகுக் கயிறு சுற்றி, அதன் மறுமுனையை அவர் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தார். அவளை எப்படித் திருப்பினாலும் தலை மட்டும் கழுத்து முறுகிக் கழிமுகத்தின் பக்கமே திரும்பியது. கண் இமைக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் மூக்குத்திப் பெண்ணும், துடுப்போடு ஒரு இளைஞனும், இன்னும் நாலைந்து பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நீயா பேசின?" தண்டபாணியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் பேசணும்னு சொன்னேனே."

"ஒரே ஒரு வார்த்தைங்க. டெஸ்ட்டுக்கு."

மூக்குத்திப் பெண் சிரித்தாள். "இவகிட்ட சொல்லாமயே இட்டாந்துட்டியா? சொன்னா எவ வருவா." அவள் தேவகிருபையிடம் திரும்பினாள். "இந்தப் பொட்டி வந்த அன்னிக்கு இதுல மொதல்ல பேசுனவன் இக்னேஷியஸ். செத்தவன் பேருதான், சொன்னா தப்பில்ல. அன்னிக்கு சாயங்காலமே அது அவன் கொரல்ல தானா பேசுச்சு. கிட்ட ஒரு ஆளு இல்ல. ஒவ்வொரு பேரா கூப்டுச்சு. யாரு பேரு வந்துச்சோ அவுங்க சோத்துத் தட்ட வச்சிட்டு எழுந்து தண்ணிக்குள்ள போய்ட்டாங்க. திரும்பல. நாங்க அறுக்கறதும், அலை வந்தா சொல்ல வேணும்னு இவன் ஒட்றதும், அறுக்கறதும் ஒட்றதுமா போச்சு. ஒரு நாளு இக்னேஷியஸையே கூப்டுச்சு. அவன் கொரலு, அவன் பேரு. அவனும் போனான்."

"ஒடச்சுப் போட வேண்டியதுதானே?"

"சாவி இவங்கிட்ட கீது. இவன் ராவெல்லாம் இதும்மேல படுத்துகினு கீறான்."

"எம் பொண்ணு பேர அது கூப்டறச்சே இவுங்க ஒயர அறுத்துட்டாங்க" என்றார் தண்டபாணி. யாருக்கும் சொல்லாமல் பெட்டிக்குச் சொல்வது மாதிரி சொன்னார். "பாதிப் பேரு வந்துச்சு. மகின்னு கூப்ட்டுச்சு. மீதி வரல. அன்னிலேர்ந்து இப்டியே கீறா. துன்றது இல்ல, தூங்கறது இல்ல. கொருக்குப்பேட்டையில எங்க அக்கா வூட்டுக்குத் தூக்கினு போனேன். அங்கயும் செவுத்தப் பாத்து இப்டியேதான் குந்திகினு இருந்தா. இந்தத் திக்கு." மூச்சு வாங்கினார். "இது பேசறவங்க தொண்டைய எடுத்துக்கும். என் தொண்டைய எடுத்துக்கட்டும்னுதான் பாத்தேன். நான் கூப்ட்டா அவ என்கிட்டதான வருவா?"

தேவகிருபையின் கை மெல்ல சுவிட்சை நோக்கிப் போனது. "அணைச்சிடறேங்க. அணைச்சிட்டுப் பேசிக்கலாம்."

அவர் அவளைத் தள்ளிவிட்டார். தோள் சுவரில் இடித்தது. மைக் அவர் கையில் இருந்தது.

"மகிழினி" என்றார். குரல் உடைந்தது. "நைனா கூப்டறேன். வாம்மா."

குழாய்களிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

மகிழினி.

தேவகிருபையின் குரலில். தெளிவாக, மென்மையாக, வகுப்பில் ஆஜர் எடுக்கிற டீச்சர் மாதிரி.

அந்தப் பெண்ணின் கழுத்து இளகியது. ஒரு மாதமாக இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கண்ணை இமைத்தாள். முகத்தில் தூங்கி எழுந்த பிள்ளையின் தெளிவு.

"கூப்ட்டுட்டாங்க நைனா" என்றாள். "போய்ட்டு வரேன்."

கயிற்றை இழுத்துப் பார்க்கவில்லை. நடந்தாள், அவ்வளவுதான். தண்டபாணி ஓங்குதாங்கான ஆள். அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தார். கால் சிமெண்டில் வழுக்கியது, நிலைப்படியில் முட்டியது, மணலில் இரண்டு கோடு கிழித்தது. அவளுடைய நடை கொஞ்சமும் மாறவில்லை.

தேவகிருபை சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டரி கழற்றியே கிடந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

குழாய்கள் மூச்சை இழுத்தன.

யாரு, என்றது அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.

அன்புமணி.

வாசலில் நின்ற ஒருவர் காதுத் துணியை இன்னும் அழுத்தினார். அழுத்திய கையோடு திரும்பினார். அழுத்திய கையோடு நடந்தார்.

மாயா.

எங்கோ ஒரு வீட்டில் பாத்திரம் விழுந்து உருண்டது.

கத்தரிப்பானை எடுத்தாள். தான் ஒட்டிய மஞ்சள் ஒயர்களை அறுத்தாள். ஸ்பீக்கர் ஒயர்களை அறுத்தாள். கறுப்பு ஒயரை, சிவப்பு ஒயரை, கைக்கு வந்ததையெல்லாம். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைக்க மறந்துபோனாள். செத்த பெட்டி. ஒன்றும் அவளை அடிக்கவில்லை. அறுபட்ட ஒயர்கள் தரையில் சுருண்டன. குரல் நிற்கவில்லை. அது கொஞ்சமும் அவசரப்படவில்லை. அவளுக்கு இருமல் வரும்போது வருகிற அந்தக் கரகரப்புகூட அதில் இருந்தது.

"தொண்டைய அறு" என்றான் துடுப்பு வைத்திருந்த இளைஞன்.

பெட்டியைச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். தேவகிருபை சுவரோடு ஒட்டினாள். இரண்டு உள்ளங்கைகளாலும் வாயை அழுத்தி மூடினாள். நான் இல்லை, பாருங்கள், நான் பேசவில்லை, பாருங்கள். துடுப்பு உயர்ந்தது. அவனுடைய கண் அவளுடைய மூடிய வாயைப் பார்த்தது. வெளியே அவள் குரல் சொன்னது.

பாரி.

துடுப்பு தரையில் விழுந்தது. அவன் முகத்தில் இருந்த கோபம் துடைத்தாற்போல் போய்விட்டது. திரும்பி, வாசலில் நின்றவர்களை மரியாதையாக விலக்கிக்கொண்டு, போனான்.

மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஓட ஓடப் பெயர்கள் வந்தன. ஓடியவர்களில் சிலர் ஓட்டத்தின் நடுவிலேயே நடைக்கு மாறினார்கள்.

அவளும் வெளியே ஓடினாள். வெயில் சாய்ந்திருந்தது. கடல் ஏறும் நேரம். கழிமுகத்தின் ஓரத்தில் ஈர மணலை அலை நக்கி நக்கி உள்ளே வந்துகொண்டிருந்தது. மகிழினி இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். தண்டபாணி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காலை மணலில் ஊன்றி, "வுட மாட்டேன், வுட மாட்டேன்" என்று அவள் தலைமுடிக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய்கள் அவருடைய பெயரைச் சொன்னன. அவர் கையை விட்டார். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

தேவகிருபை வாயிலிருந்து கையை எடுத்தாள். குழாய் அவள் குரலில் கூப்பிட்டது என்றால், அவள் சொந்தத் தொண்டையால் திரும்பக் கூப்பிடலாம். வேறு எதுவும் தோன்றவில்லை.

"மகிழினி" என்று கத்தினாள். "வேணாம்மா. திரும்பி வா."

தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து ஓரடி உள்ளே போனார்கள்.

"நில்லுங்க."

இன்னும் ஓரடி.

மூக்குத்திப் பெண் பின்னாலிருந்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். மீன் செதிலும் உப்பும் நாறும் கை. மண்டியிட வைத்து, இரண்டு கையாலும் தாடையோடு சேர்த்து அழுத்தினாள். "பேசாத" என்றாள் காதோரம். "இன்னாத்தையும் பேசாத. கும்புட்டுக் கேக்கறேன்."

குழாய்கள் ஓய்ந்தன. மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. அலை மட்டும் கேட்டது. தூரத்தில் ஏதோ கூட்ஸ் வண்டியின் தடதடப்பு.

அப்போது அவர்கள் திரும்பினார்கள்.

ஒவ்வொருவராக, மெதுவாக, தண்ணீருக்குள் நின்ற இடத்திலேயே கரையைப் பார்த்துத் திரும்பினார்கள். பாரி, மாவு ஒட்டிய கையோடு ஒரு இளம் பெண், காதில் துணியோடு அன்புமணி, அப்பாவும் மகளும், பெயர் தெரியாத மற்றவர்கள். ஒருவர் முகத்திலும் பயமில்லை. ஒருவரும் யாரையும் தேடவில்லை. எல்லாக் கண்களும் தேவகிருபையின் மேல் வந்து நின்றன. ரேஷன் வரிசையில் அடுத்த பெயருக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, பொறுமையாக, கொஞ்சம் கழுத்தை நீட்டி.

அவள் கூப்பிடவில்லை. அவர்கள் வரவும் இல்லை, போகவும் இல்லை.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மகிழினிதான் குள்ளம். சாம்பல் மிதந்த அலை அவள் தோளைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, வெடித்த உதட்டில் வந்து தட்டியது. அவள் தலையைத் தூக்கவில்லை. மூக்கு வரை மூடின தண்ணீருக்கு மேலே அந்தக் கண்கள் மட்டும் அகலத் திறந்து, தேவகிருபை என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தன.